அறம்வளர்த்தநாயகியை எப்படிக் கூப்பிடுவது?

போன மாதம் செம்மேட்டிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அதைப் பற்றி டீக்கடையில் நாலு வார்த்தை பேசிவிட்டேன். இந்த மாதம் தபால் பை முழுக்கப் பெயர்தான்! கொல்லிமலை மேலும் கீழும் இத்தனை பெற்றோர் தூக்கமில்லாமல் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. வந்த முதல் கடிதத்துக்கு முதல் மரியாதை.

கே: பாட்டி ஆசைப்பட்டார் என்று அறப்பளீஸ்வரர் கோயில் அம்மன் பெயரையே மகளுக்கு வைத்துவிட்டோம், அறம்வளர்த்தநாயகி. ஏழு மாதக் குழந்தை. கூப்பிடச் சுருக்கமாக ஒன்று சொல்லுங்கள் மாமா.
– ஒரு தாய், செம்மேடு

ப: பதினோரு எழுத்து. உள்ளேயே மூன்று பிள்ளைகள் குடியிருக்கிறார்கள் அம்மா. 'வளரு' என்று கூப்பிட்டால் கட்டளை போட்ட மாதிரி இருக்கும். 'நாயகி' என்றால் தெருவில் நாலு பேர் திரும்புவார்கள். 'அறமு' என்றால் மடியில் வந்து உட்காரும். என் ஓட்டு அறமுவுக்கு.

ஒன்று மட்டும் வேண்டாம். கீழே காரவள்ளியிலிருந்து ஒரு 'ஸ்வீட்டி'யை 70 கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக் கொண்டுவராதீர்கள். பாதி வழியிலேயே தலை சுற்றிவிடும், பெயருக்கும்.

கே: மேலே கடிதம் எழுதியவரின் கணவன் நான். 'அறமு' பழசாக இருக்கிறது. 'ஆரு' என்று மாடர்னாக வைக்கலாமே?
– செம்மேடு

ப: பள்ளிக்கூடத்தில் முதல் நாள். வாத்தியார் பெயர் கேட்பார். பிள்ளை எழுந்து, "நான் ஆரு" என்னும். "அதைத்தானே நானும் கேட்கிறேன்" என்பார் வாத்தியார். வேண்டாம் தம்பி.

கே: பெயரைச் சுருக்குவது தமிழ் மரபா, சினிமா மரபா?
– கல்லூரி மாணவி, ராசிபுரம்

ப: தஞ்சாவூரைத் தஞ்சை ஆக்கி, கோயம்புத்தூரைக் கோவை ஆக்கி, புதுச்சேரியைப் புதுவை ஆக்கிய நாக்கு, பெற்ற மகளை மட்டும் முழுசாகக் கூப்பிடுமா? இதற்கு 'மரூஉ' என்று பெயர். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் சுமார் 800 ஆண்டுக்கு முன்பே இதை இயல்பு வழக்கு மூன்றில் ஒன்றாக உட்கார வைத்துவிட்டார். இயல்பு என்று இலக்கணமே சொன்ன பிறகு சினிமாவுக்கு இங்கே என்ன வேலை?

கே: வல்வில் ஓரிக்குச் செல்லப்பெயர் உண்டா?
– பள்ளி மாணவன், சோளக்காடு

ப: சபாஷ்! இதற்குத்தான் காத்திருந்தேன்.

புறநானூற்றில் 152-ஆம் பாட்டு. பாடியவர் வன்பரணர். காட்டில் ஒருவன் அம்பு விடுகிறான். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்து நிற்கிறது. ஆள் யாரென்று தெரியாமலே பாணர்கள் அவனைச் சுற்றி நின்று இசை பாடுகிறார்கள். பாடி முடித்து, 'கோ' என்கிறார்கள். அது தன்னைக் குறிக்கும் பெயர் ஆயிற்றே! அவனுக்கு வெட்கம் வந்துவிடுகிறது.

ஐந்து விலங்கைத் துளைத்தபோது கூசாத மனுஷன், பெயரைக் கேட்டுக் கூசினான். 'கோ' ஓரெழுத்து ஒருமொழி. அதைவிடச் சுருக்கமாக எந்த அத்தையாலும் வைக்க முடியாது.

கொசுறு ஒன்று: அவன் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. "ஓரீ" என்று நீ குரல் கொடுத்திருந்தால் ராஜாவும் வந்திருப்பார், குதிரையும் வந்திருக்கும்.

கே: மகளுக்கு ஔவை என்று பெயர். இதை எப்படிச் சுருக்குவது?
– ஒரு தந்தை, நாமக்கல்

ப: இரண்டே எழுத்து. எதை வெட்டப் போகிறீர்கள்? ஔவை என்பதே மூத்த பெண்ணை மரியாதையாகக் கூப்பிடும் சொல். அந்த அம்மாளின் இயற்பெயர் போய்விட்டது, கூப்பிட்ட பெயர் 2,000 வருஷமாக நிற்கிறது. கை வைக்காதீர்கள்.

கே: எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மகளுக்கு என் மாமியார் பெயர். அதனால் என்னால் பெயர் சொல்லிக் கூப்பிடவே முடியவில்லை. திட்டவும் முடியவில்லை!
– இல்லத்தரசி, சேந்தமங்கலம்

ப: தாயே, செல்லப்பெயர் என்ற ஏற்பாட்டின் வேரையே பிடுங்கிக் காட்டிவிட்டீர்கள்.

பேரன் என்பது 'பெயரன்'. பேத்தி 'பெயர்த்தி'. தாத்தா பாட்டி பெயரைச் சுமப்பவர்கள் என்று அர்த்தம். பெயரை வைத்தாயிற்று. ஆனால் மருமகள் மாமியார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பது பழைய வழக்கம். அடுப்பில் பால் பொங்குகிறது, பிள்ளை அங்கே தவழ்ந்து போகிறது. அந்த அவசரத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே! அப்படி வந்தவைதான் பாப்பா, அம்மணி, கண்ணு, தங்கம் எல்லாம். கொஞ்சுவதற்கு முன்னால் பிள்ளையை அடுப்பிலிருந்து காப்பாற்றுவதற்கே அவை பிறந்தன.

திட்டுவதற்கு வழி கேட்கிறீர்களா? "ஏய் அம்மணி" என்று தொடங்குங்கள். கொங்கு நாட்டில் அந்த ஒரு சொல்லில் கொஞ்சலும் உண்டு, கோபமும் உண்டு. எது என்பது உங்கள் தொண்டையில் இருக்கிறது.

கே: கண்ணகி?
– தபால் அட்டையில் ஒரே சொல், முள்ளுக்குறிச்சி

ப: கண்ணு.

கே: செல்லப்பெயர் ஏன் பெரும்பாலும் 'உ'வில் முடிகிறது?
– தமிழாசிரியை, பேளுக்குறிச்சி

ப: பார்வதி பாரு, ஜானகி ஜானு, காமாட்சி காமு, ருக்மணி ருக்கு, சரஸ்வதி சரசு. வாய் குவிந்து முடிகிறது டீச்சர். முத்தம் கொடுப்பதற்கும் வாய் அப்படித்தான் குவியும்.

உங்களுக்காக ஒரு பொடி: ருக்குவிலும் சரசுவிலும் இருப்பது குற்றியலுகரம், அரை மாத்திரை. காமுவிலும் பாருவிலும் இருப்பது முற்றியலுகரம், ஒரு மாத்திரை. கு, சு, டு, து, பு, று மேல் வந்தால்தானே உகரம் குறுகும்? ஆனால் பொழுது சாய்ந்த பிறகு மிளகுத் தோட்டத்து மேட்டில் நின்று "ருக்கூஊஊ" என்று ஒரு தாய் கூப்பிடட்டும். மாத்திரைக் கணக்கெல்லாம் பள்ளத்தில் விழுந்துவிடும்.

கே: வைத்த செல்லப்பெயர் சரியானதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– புதுத் தாய், தெம்பளம்

ப: சோளக்காடு சந்தையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். விடியற்காலை. பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. பலாப்பழக் குவியல் பக்கத்தில் ஒரு பாட்டி, தலையில் மிளகு மூட்டை. பேத்தியைக் காணோம். மூட்டையை இறக்கவில்லை, பதறவில்லை. "பொன்னீஈ" என்று ஒரு குரல், அவ்வளவுதான். பனிக்குள்ளிருந்து, மிளகாய்ப்பொடி தடவிய அன்னாசித் துண்டைக் கடித்தபடி ஒரு சிறுமி நடந்து வந்தாள். உதடெல்லாம் சிவப்பு.

இ-யில் முடியும் பெயர் கூப்பிடும்போது ஈ ஆகும் என்பது விளி வேற்றுமை விதி. பாட்டி நன்னூல் படித்திருக்க மாட்டார். நன்னூல்தான் பாட்டிகளைப் படித்திருக்கிறது.

பனியில் கூப்பிட்டுப் பாருங்கள். பிள்ளை வந்தால் பெயர் சரி.

கே: மகள் பெயர் அலமேலு. பழைய பெயர் என்று பள்ளியில் சிரிக்கிறார்களாம்.
– வங்கி ஊழியர், சேலம்

ப: அலர்மேல்மங்கை, மலர்மேல் இருக்கும் மங்கை. அதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துத்தான் அலமேலு வந்தது. அதாவது நீங்கள் வைத்திருப்பதே செல்லப்பெயர்! வேண்டுமானால் 'அலர்' என்று கூப்பிடுங்கள். அகப்பாட்டில் அலர் என்றால் ஊர்வம்பு என்றும் ஒரு பொருள் உண்டு. சிரித்தவர்களுக்கு அந்தப் பொருளைச் சொல்லிக் கொடுங்கள்.

கே: பெரிய மனிதர்களுக்கும் வீட்டுப்பெயர் இருந்ததா?
– ஓய்வுபெற்ற தபால்காரர், துறையூர்

ப: எம்.எஸ். சுப்புலட்சுமி வீட்டில் குஞ்சம்மா. கணித மேதை ராமானுஜனை அவர் தாய் கூப்பிட்டது சின்னசாமி. நம்ம நாமக்கல் நாமகிரித் தாயார்தான் அவருக்குக் கனவில் கணக்குச் சொன்னவர்; அவர் என்ன பெயர் சொல்லி எழுப்பினாரோ! ஜெயலலிதா, அம்மு. ஒரே ஓர் எழுத்து மாறி அம்மு அம்மா ஆனது தமிழ்நாட்டின் 30 வருஷ அரசியல்.

கே: நாமகிரி என்று பெயர் வைக்க ஆசை. கூப்பிட?
– கர்ப்பிணி, நாமக்கல்

ப: வையுங்கள், ராமானுஜன் வீட்டுத் தெய்வம். கூப்பிட 'நாமு'. கணக்கில் நூறு வாங்காவிட்டாலும் நாமுவை நாமுவாகவே கூப்பிடுங்கள்.

கே: ஜோசியர் மகள் பெயரில் ஒரு 'ஏ' கூடச் சேர்க்கச் சொல்கிறார்.
– வியாபாரி, ராசிபுரம்

ப: இங்கிலீஷில் ஓர் எழுத்து கூடினால் பள்ளிச் சான்றிதழ் ஒரு மாதிரி, ஆதார் ஒரு மாதிரி, பாஸ்போர்ட் ஒரு மாதிரி. அந்த 'ஏ'யைத் தூக்கிக்கொண்டு பிள்ளைதான் ஆபீஸ் ஆபீஸாக அலையும். ஜோசியர் கூட வரமாட்டார்.

கே: செல்லப்பெயரையே பிறப்புச் சான்றிதழில் போட்டுவிட்டால் என்ன?
– ஆட்டோ ஓட்டுநர், நாமக்கல்

ப: அவசரமே வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள், அது முக்கியம். பெயரை 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் தாமதக் கட்டணத்தோடு 15 வயது வரை. 'பப்ளு' என்று எழுதிவிட்டு, பிள்ளை நீதிபதி ஆனபின் "மாண்புமிகு பப்ளு" என்று டவாலி கூவும்போது நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கே: மகளின் நிறத்தைச் சொல்லி உறவினர்கள் ஒரு 'செல்லப்பெயர்' வைத்திருக்கிறார்கள். அன்பாகத்தானே சொல்கிறோம் என்கிறார்கள்.
– ஒரு தாய், திருச்செங்கோடு

ப: இல்லை அம்மா. நிறத்தையும் பல்லையும் எடையையும் சொல்லிக் கூப்பிடுவது பெயர் இல்லை, குத்து. அடுத்த விசேஷத்தில் அவர்கள் கூப்பிடும்போது, பிள்ளை கேட்கும்படி, "அவளுக்குப் பெயர் இருக்கிறது" என்று சொல்லுங்கள். முழுப்பெயரையும் சொல்லுங்கள். சாப்பாட்டுப் பந்தியே திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை.

கே: 'வேண்டாம்' என்று பெயருள்ள பெண்கள் உண்டு என்பது நிஜமா?
– மாணவி, வேலூர்

ப: நிஜம். திருத்தணிப் பக்கம் நாராயணபுரத்தில், அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கையில் பெண் குழந்தைக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். 'போதும்பொண்ணு' என்ற பெயர் நீங்களே கேட்டிருப்பீர்கள். 2019-இல் அந்த ஊரில் 'வேண்டாம்' என்ற பெயருள்ள பொறியியல் மாணவி ஒருத்தி ஜப்பான் நிறுவனத்தில் வேலை வாங்கியது செய்தியில் வந்தது.

அவளை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சோறு ஊட்டும்போது "வேண்டாம், வாயைத் திற" என்றா? இந்தக் கேள்விக்கு என்னிடம் குறும்பு கிடையாது கண்ணு. பெயரை மாற்ற அரசிதழ் இருக்கிறது. உன் பக்கத்தில் அப்படி ஒருத்தி இருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ.

கே: இரட்டைப் பெண்கள். அங்கவை, சங்கவை. அங்கு, சங்கு என்று கூப்பிடலாமா?
– விவசாயி, அரியூர் நாடு

ப: இடக்குறிப்பும் ஊதுகுழலும் மாதிரி இருக்கிறதே! அங்கை, சங்கை என்று பாருங்கள். ஆனால் சங்கை என்றால் சந்தேகம் என்றும் பொருள். சரி, முழுசாகவே கூப்பிடுங்கள், நாலு நாலு எழுத்துதானே.

முக்கியமான சேதி வேறு. புறநானூறு 112 பாடியவர்கள் என்று ஏட்டில் இருப்பது 'பாரி மகளிர்' மட்டும். அங்கவை, சங்கவை எல்லாம் பின்னால் வந்த வழக்கு. அப்பன் பெயர் நின்றது, பாடிய பெண்களின் பெயர் நிற்கவில்லை. உங்கள் வீட்டில் "ஏ இரட்டைகளா" என்று மொத்தமாகக் கூப்பிடுவதை நாளையோடு நிறுத்துங்கள்.

கே: மகள் தினமும் காக்காவுக்குச் சோறு வைக்கிறாள். 'காக்கா' என்றே கூப்பிடுகிறோம். தப்பா?
– செங்கரை

ப: சங்கப் புலவர் நச்செள்ளையார் காக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார் ஆனார். ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் அவருக்கு ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் கொடுத்ததாகப் பதிற்றுப்பத்துப் பதிகம் சொல்கிறது. அவள் செய்யும் நல்ல காரியத்திலிருந்து வந்த பெயர். தாராளமாகக் கூப்பிடுங்கள். பொன்னுக்கு நான் பொறுப்பில்லை.

கே: 'கொல்லி' என்றே மகளுக்குப் பெயர் வைத்தால்?
– மலைப்பித்தன் என்று கையெழுத்திட்டவர், சென்னை

ப: மலைக்கு மட்டுமா அந்தப் பெயர்? தேவாரத்தில் கொல்லி ஒரு பண். திருநாவுக்கரசர் திருவதிகையில் முதன்முதல் பாடிய பதிகம் அந்தப் பண்ணில்தான். அவரை ஞானசம்பந்தக் குழந்தை 'அப்பரே' என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. பெரியவருக்குப் பிள்ளை வைத்த செல்லப்பெயர்! உங்கள் மகளுக்கு 'பாவை' வையுங்கள். கொல்லிப்பாவை என்று மலை தானாக வந்து முன்னால் ஒட்டிக்கொள்ளும்.

கே: வெள்ளைக்காரர்கள் மார்கரெட்டைப் 'பெக்கி' என்கிறார்களே, எழுத்தே ஒட்டவில்லையே?
– பெங்களூர் வாசகர்

ப: மெக் ஆகி, மெக்கி ஆகி, எதுகைக்குப் பெக்கி ஆனது. வங்காளிகள் இன்னும் ஒழுங்கு. ஏட்டுக்கு 'பாலோ நாம்', வீட்டுக்கு 'டாக் நாம்' என்று பிறந்த உடனேயே இரண்டு வைத்துவிடுவார்கள். உலகத்துக்குச் சத்யஜித் ராய், வீட்டுக்கு மாணிக்.

கே: ஒரு குழந்தைக்கு எத்தனை செல்லப்பெயர் இருக்கலாம்? எங்கள் வீட்டில் ஆளுக்கொன்று.
– கூட்டுக்குடும்பம், வளப்பூர் நாடு

ப: நம்ம மலையில் சாமையை வெறும் சாமை என்றா சொல்கிறீர்கள்? மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை. விதைத்து, களையெடுத்து, கதிரறுத்துப் பழகியவர்கள் வைத்த பெயர்கள். கடைக்காரருக்கு எல்லாம் சாமை. பிள்ளையும் அப்படித்தான். தூக்கி வளர்ப்பவர்கள் ஆளுக்கொன்று வைக்கட்டும். தூக்காமல் பெயர் மட்டும் வைக்க வருகிறவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கே: முழுப்பெயரை எப்போதுதான் கூப்பிடுவது?
– ஒரு தந்தை, பரமத்தி வேலூர்

ப: இப்போது எப்போது கூப்பிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பாத்திரம் உடைந்தால். மார்க் குறைந்தால். "விசாலாட்சி! இங்கே வா!" அந்தப் பிள்ளைக்குத் தன் பெயரே குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது. நல்ல சேதியையும் முழுப்பெயரில் சொல்லுங்கள். "விசாலாட்சி, பலாப்பழம் வெட்டியாச்சு" என்று கூப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு அழகான பெயர் அது!

கே: நான் பிளஸ் டூ படிக்கிறேன். பூங்கோதை என்று அழகான பெயர். அப்பா இன்னும் பஸ் ஸ்டாண்டில் எல்லார் முன்னாடியும் "பாப்பா" என்கிறார்.
– மாணவி, கொல்லிமலை

ப: பாரதியின் மகள் சகுந்தலாவுக்கும் வீட்டில் பாப்பாதான். இருந்தாலும் உன் பக்கம்தான் நான். பெயர் வைத்தது அவர், சுமப்பது நீ. வீட்டுக்குள் பாப்பா, வாசலுக்கு வெளியே கோதை என்று ஒப்பந்தம் போடு. மறந்து கூப்பிட்டால் ஒரு முழு அன்னாசி அபராதம்.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை: ஐ-யில் முடியும் பெயர் விளிக்கும்போது ஆய் ஆகும், கோதை 'கோதாய்'. பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை அப்படிக் கூப்பிடுங்கள். பாப்பாவை அவளே திரும்பக் கேட்பாள்.

கே: எல்லாரும் பேரு வெக்கறீங்க, என்னை ஆரும் கேக்கல. அந்தப் பேரு எங்கம்மா பேரு. அவங்களை ஊரே 'தாயி'ன்னுதான் கூப்பிடும். நானும் புள்ளைய தாயின்னுதான் கூப்பிடறேன். திரும்பிப் பாத்துச் சிரிக்குது. தப்பா?
– முதல் கடிதம் எழுதியவரின் மாமியார், செம்மேடு (பேரன் எழுதிக் கொடுத்தது)

ப: ஏழு மாதத்துப் பிள்ளை தீர்ப்புச் சொல்லிவிட்டது பெரியம்மா. அறமுவை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தாயியை ஒருமுறை தூக்கிக் காட்டுங்கள், அடுத்த சந்தைக்கு வருகிறேன்.